மத்தியானத்துக்கான அளவு

நாலு யூனிட் உள்ளே போய்விட்டது. ஊசியை உருவி, ஷெரினின் வயிற்றில் அந்தச் சின்னப் புள்ளியைப் பஞ்சால் அழுத்திக்கொண்டிருக்கும்போதுதான் அஜிதாவுக்கு அது நாலு இல்லை, இரண்டாக இருந்திருக்க வேண்டும் என்று உறைத்தது. நாலு மத்தியானத்துக்கு. ராத்திரிக்கு இரண்டு. ராத்திரியில் பிள்ளையின் உடம்பு இன்சுலினுக்குச் சட்டென்று கீழ்ப்படிந்துவிடும், அதனால் ராத்திரி அளவைக் கூட்டவே கூடாது என்று நாகர்கோவில் டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். ஊரில் இப்போது ராத்திரிதான். வடசேரியில் கடைகளெல்லாம் ஷட்டரை இழுத்து மூடியிருப்பார்கள். ஆனால் விமானத்தின் ஜன்னலுக்கு வெளியே கண் கூசுகிற வெயில், கீழே வெள்ளை வெள்ளையாகப் பனியோ மேகமோ தெரியாத ஒன்று, ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல் இன்னும் சற்று நேரத்தில் மதிய உணவு என்று சொன்னது, மதியம் என்ற அந்த ஒரு சொல் காதில் விழுந்ததும் கை தானாக இன்சுலின் பேனாவை நாலுக்குத் திருகிவிட்டது. மூன்று வருஷமாகத் திருகித் திருகிப் பழகிப்போன கை. மனசைக் கேட்காமல் காதைக் கேட்டுவிட்டது. சரி, போனது போகட்டும், சோறு கொஞ்சம் கூடச் சாப்பிட்டால் சரியாகிவிடும், அந்த இனிப்பையும் தின்னச் சொல்லலாம், இன்றைக்கு ஒருநாள் இனிப்பு தின்றால் சந்தோஷப்படுவாள், வண்டி இதோ நாலு வரிசைக்கு முன்னால் வந்துவிட்டது என்று அவள் தன்னையே தேற்றிக்கொண்டிருந்தபோது விமானம் ஒரு குழியில் இறங்கினது போல் அதிர்ந்தது. இன்னொரு தடவை. தலைக்கு மேலே பெல்ட் விளக்கு எரிந்தது. உணவு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த பணிப்பெண் வண்டியைத் திருப்பினாள். திரும்பிப் போகிற வண்டியின் சக்கரச் சத்தத்தை அஜிதா கேட்டாள். தன் பிள்ளையின் சாப்பாடு தன்னைவிட்டு விலகிப் போகிற சத்தம் அவ்வளவு சின்னதாக, அவ்வளவு சாதாரணமாக இருந்தது.

கையைத் தூக்கினாள். பெல்லை அழுத்தினாள். பணிப்பெண் தன் இருக்கையில் பெல்ட்டைப் போட்டபடியே, தயவுசெய்து உட்காருங்கள் என்று கையால் காட்டினாள். "என் பிள்ளைக்கு இன்சுலின் போட்டாச்சு, சாப்பாடு இப்போவே வேணும்" என்று அஜிதா தன் இங்கிலீஷில் கத்தினாள். அந்தப் பெண்ணுக்கு இன்சுலின் என்ற சொல் மட்டும் புரிந்திருக்க வேண்டும், மருந்து வேண்டுமா என்று வாயசைத்துக் கேட்டாள். இல்லை, இல்லை, மருந்து இருக்கிறது, மருந்துதான் அதிகமாக இருக்கிறது. காலடியில் கிடந்த பையை இழுத்தாள். அதில் எல்லாம் இருந்தது. ஜூஸ் பெட்டிகள், பிஸ்கட், குளுக்கோஸ் பொடி, சுகர் பார்க்கிற மிஷின், சர்க்கரை இறங்கி மயங்கி விழுந்தால் போட வேண்டிய ஊசி இருக்கிற அந்த ஆரஞ்சு டப்பா, அதை எங்கெங்கோ சொல்லி வரவழைத்து வைத்திருக்கிறாள், திறந்ததில்லை, திறக்கிற நாள் வரக்கூடாது என்றுதான் ஒவ்வொரு ராத்திரி ஜெபத்திலும் கேட்பது. "மக்களே, இந்த ஜூஸைக் குடி." ஷெரின் பாதி குடித்தாள். இரண்டு பிஸ்கட் தின்றாள். விமானம் மறுபடி குலுங்கியது. "அம்மா, வயித்தப் பெரட்டுது." "கொஞ்சம் அடக்கு பிள்ளே, கண்ண மூடிக்கோ." அடக்க முடியவில்லை. முன் இருக்கைப் பையிலிருந்து காகித உறையை அஜிதா எடுத்துப் பிரிப்பதற்குள் பாதி மடியிலும் பாதி உறையிலுமாக வெளியே வந்துவிட்டது. ஜூஸ், பிஸ்கட், எல்லாம். எவ்வளவு உள்ளே நின்றது, எவ்வளவு வெளியே வந்தது என்று உறைக்குள் எட்டிப் பார்த்தாள். அதைப் பார்த்து யாரால் கணக்குச் சொல்ல முடியும். தின்றதை வயிறு திருப்பித் தந்துவிடும். ஊசி வழியாகப் போனதைத் திருப்பித் தர உடம்பில் ஒரு வழியும் இல்லை. அது இப்போது தோலுக்கு அடியில் ஒரு துளியாக நின்று, பிறகு மெல்ல மெல்ல ரத்தத்துக்குள் நடக்க ஆரம்பித்திருக்கும். அங்கே இருக்கிற சர்க்கரையை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடிக்கும். அதற்கு இரக்கம் கிடையாது, கோபமும் கிடையாது. தன் வேலையைச் செய்யும்.

விரலில் குத்திப் பார்த்தாள். நூற்றுப் பன்னிரண்டு. நல்ல எண். வேறு எந்த நேரத்திலும் அந்த எண்ணைப் பார்த்தால் ஸ்தோத்திரம் சொல்லியிருப்பாள். ஆனால் நின்றுகொண்டிருக்கிற நூற்றுப் பன்னிரண்டு வேறு, இறங்கிக்கொண்டிருக்கிற நூற்றுப் பன்னிரண்டு வேறு, மிஷின் அதைச் சொல்லாது. குளுக்கோஸ் பொடியைத் தண்ணீரில் கலக்கி மூடியில் ஊற்றி, மூடி மூடியாகக் கொடுத்தாள், நாலு மூடி குடித்ததும் ஷெரின் உதட்டை இறுக்கிக்கொண்டாள். "இனி வேண்டாம்மா, பொறவு வாந்தி வரும்." அதுவும் நியாயம். வாந்தி எடுத்தால் இதுவும் போகும். "செரி, கொஞ்சம் கழிச்சுக் குடிப்பியா?" "ம்." பிள்ளையின் உதட்டோரத்தைத் துடைத்துவிட்டாள். மடியில் ஈரம், புளித்த ஆரஞ்சு வாசனை. ஜன்னலோரம் தலையைச் சாய்த்துக்கொண்ட ஷெரின் வெளியே பார்த்தபடி கேட்டாள், "அம்மா, இன்னிக்கி எப்பம் முடியும்?" காலையில் தோஹாவில் ஏறியபோது இருந்த சூரியன் கூடவே பறந்து வந்துகொண்டிருந்தது, ஒரு அடி கீழே இறங்காமல். "அங்க போய்ச் சேந்த பொறவு முடியும் மக்களே." "அங்கயும் வெயிலா இருக்குமாமே? அப்பா சொன்னாரு." "அங்க சாயங்காலம் வரும், பொறவு ராத்திரி வரும்." "அப்பம் இன்னிக்கி ரெண்டு நாளா?" இன்றைக்கு இரண்டு நாள்தான். ஒரு நாளைக்கே எத்தனை ஊசி, எத்தனை குத்து, எத்தனை பயம் என்று அளந்து வைத்திருக்கிறவளுக்கு நடுவில் எங்கிருந்தோ கூடுதலாக இன்னொரு பகலைக் கொண்டுவந்து தலையில் வைத்தால் அவள் என்ன செய்வாள்? டாக்டர் ஒரு தாளில் எழுதித்தான் கொடுத்தார், போய் இறங்குகிற வரை ஊர் நேரத்தையே பிடித்துக்கொள் அம்மா, வெளிச்சத்தைப் பார்க்காதே, உன் வாட்ச்சைப் பார் என்றார். வாட்ச்சைத்தான் பார்த்தாள், நேற்றிலிருந்து வாட்ச்சைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை, அந்த ஒரு நிமிஷம் தவிர.

அந்த ஒரு நிமிஷம். எப்போதும் அது ஒரு நிமிஷமாகத்தான் இருக்கிறது. அப்போது ஷெரினுக்கு ஐந்து வயசு, வாளி வாளியாகத் தண்ணீர் குடித்தாள், படுக்கையை நனைத்தாள், வெயில் காலம் என்று அஜிதா நினைத்தாள், பள்ளிக்கூடத்தில் டாய்லெட்டுக்கு விடமாட்டார்கள் போல, அதனால் அடக்கி அடக்கி ராத்திரி நனைக்கிறாள் என்று நினைத்தாள், மெலிந்துபோனது கண்ணில் படத்தான் செய்தது, வளர்கிற பிள்ளை என்று நினைத்தாள். பிறகு ஒரு காலையில் பிள்ளை மூச்சை இழுத்து இழுத்து விட்டது, வாயில் அழுகின பழ வாசனை. ஆஸ்பத்திரியில் அந்த நர்ஸ் விரலில் குத்தி மிஷினைப் பார்த்து, மிஷின் எண்ணையே காட்டாமல் ஹை என்று எழுத்தில் காட்டியதும், பக்கத்திலிருந்த இன்னொரு நர்ஸின் முகத்தைப் பார்த்தாளே, அந்தப் பார்வை. அவள் புருஷன் டென்சிங் வராந்தாவில் நின்றுகொண்டு, "சின்னப் பிள்ளைக்கு எப்படி சுகர் வரும்? வேற யாருக்க ரிசல்ட்டாவது மாறி வந்திருக்கும்" என்று டாக்டரிடம் சண்டைக்குப் போனான். எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள். மிட்டாய் ரொம்பக் குடுத்திருப்பா. கர்ப்பமா இருக்கும்போது இனிப்பு தின்னிருப்பா. சர்ச்சில் பின்வரிசையில் உட்கார்ந்த ஒருத்தி, காதில் விழவேண்டும் என்றே, பொம்பளப் பிள்ளைக்குப் போய் இப்பிடி, நாளைக்கி யாரு கட்டுவா என்றாள். அஜிதா அதற்குத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கட்டுவதாம். நாளை காலையில் பிள்ளை கண்ணைத் திறக்குமா என்பதுதான் அவளுக்கு அப்போது இருந்த ஒரே எதிர்காலம். டென்சிங்குக்குக் கனடா வேலைக்கான பேப்பர் அதற்கு முன்பே வந்திருந்தது. டிக்கெட் போட்டாயிற்று, விட்டால் இனி கிடைக்காது, நான் முதலில் போகிறேன், அங்கே இதுக்கெல்லாம் இன்சுலின் பம்ப் இருக்கு, இடுப்பில் மாட்டினால் போதும், எல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும் என்று டென்சிங் சொன்னான். ஷெரின் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த இரண்டாம் வாரம் அவன் புறப்பட்டுப் போனான். அவனைக் குறை சொல்ல முடியாது. குறை சொல்லாமலும் இருக்க முடியாது. அவன் இன்றுவரை பிள்ளைக்கு ஒரு ஊசி போட்டதில்லை. வீடியோவில் வந்து, "என் தங்கத்துக்கு சுகர் எவ்வளவு இன்னிக்கி?" என்று மார்க் கேட்பதுபோல் கேட்பான். நூற்றைம்பது என்றால் வெரிகுட் என்பான். முந்நூறு என்றால் அவன் முகம் அஜிதா பக்கம் திரும்பும். முகம் மட்டும் திரும்பும்.

கூட்டுறவு வங்கி வேலையை விட்டாள். பள்ளிக்கூட வராந்தாவில் ஒரு வருஷம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள், டீச்சர்மார் முதலில் பரிதாபப்பட்டார்கள், பிறகு சலித்துக்கொண்டார்கள், பிறகு அவள் அங்கே இருக்கிற தூண்களில் ஒன்றாகிவிட்டாள். ராத்திரிகளில் அலாரம் வைத்து எழும்பி, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, தூங்குகிற பிள்ளையின் விரலைப் பிடித்துக் குத்துவாள். ஷெரின் முழிக்காது. தூக்கத்திலேயே அடுத்த விரலை நீட்டும். அதைக் காணும்போது அஜிதா, பிள்ளையின் கை தூக்கத்தில்கூடத் தெரிந்து வைத்திருக்கிறதே என்று அந்த நீட்டிய விரலைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருப்பாள். இப்போதும் பிடித்துக்கொண்டுதான் இருந்தாள். கை வெதுவெதுப்பாக இருந்தது. வெதுவெதுப்பு நல்லது. குளிர்ந்தால்தான் ஆபத்து, வியர்த்தால்தான் ஆபத்து. விமானம் குலுங்குவது கொஞ்சம் குறைந்திருந்தது, விளக்கு மட்டும் அணையவில்லை. பக்கத்து இருக்கைக்காரன் காதில் எதையோ மாட்டிக்கொண்டு வாயைத் திறந்து தூங்கினான். என்ன ஒரு தூக்கம். கழுத்தை அறுத்தாலும் தெரியாத தூக்கம், அப்படித் தூங்கி எத்தனை வருஷம் ஆயிற்று, அந்தப் பம்ப் வந்தால்கூட அது அடைத்துக்கொண்டால், அது கழன்று விழுந்தால், அதற்கும் ஒருத்தி முழித்துத்தானே இருக்க வேண்டும், எல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும் என்றால் யார் அதைப் பார்த்துக்கொள்வது, டொரண்டோவில் குளிர் காலத்தில் இன்சுலின் உறைந்துவிடுமாமே, உறைந்தால் கெட்டுப்போகும், சூடானாலும் கெட்டுப்போகும், மனுஷனைப் போலத்தான், இன்னும் கொஞ்ச நேரத்தில் மறுபடி குத்திப் பார்க்க வேண்டும், இப்போதே பார்க்கலாம், இப்போதுதானே பார்த்தோம், இரண்டு அதிகம், இரண்டே இரண்டு, இரண்டு யூனிட் என்பது கண்ணுக்குத் தெரியாத ஒரு ஈரம், கண்ணில் விட்டால் ஒரு சொட்டு கண்ணீருக்கு ஆகாது, அதற்குள் ஒரு பிள்ளையை முழுசாக அணைத்துவிடுகிற அளவுக்கு, அணைத்து என்றால் விளக்கை அணைக்கிற மாதிரி, வராந்தாவில் பெஞ்சு சுடுகிறது, யாரோ மணி அடிக்கிறார்கள், பிள்ளைகளெல்லாம் வெளியே ஓடி வருகிறார்கள், எல்லாரும் ஷெரின் மாதிரியே, எல்லாரும் ஒரே சட்டை, எல்லாரும் விரலை நீட்டுகிறார்கள், எந்த விரல் என் பிள்ளையுடையது என்று கேட்டால் டீச்சர் சிரிக்கிறாள், வெயில், என்ன வெயில்.

கழுத்து ஒடிந்து விழுவதுபோல் ஆடி அவள் முழித்தாள். எங்கே இருக்கிறோம் என்று தெரியவில்லை, வெளிச்சம் மட்டும் தெரிந்தது, அதே வெளிச்சம், நகராத வெளிச்சம், எவ்வளவு நேரம் போயிற்று என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது. கைக்குள் பிள்ளையின் கை இல்லை. திரும்பினாள். ஷெரின் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு, அசையாமல், அஜிதாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு. முகம் வெளிறியிருந்தது. மேலுதட்டில் முத்து முத்தாக வியர்வை. நெற்றி முடி ஒட்டிக்கிடந்தது. "ஷெரின்." பிள்ளை சிரிக்கப் பார்த்தது. உதடு ஒத்துழைக்கவில்லை. அஜிதா தொடைக்கு அடியிலிருந்து அவள் கையை இழுத்தாள், அது தனியாக ஒரு உயிர் போல நடுங்கியது, நடுக்கம் தெரியக்கூடாது என்றுதான் பிள்ளை அதை அங்கே ஒளித்து வைத்திருந்தது. குத்தினாள். ரத்தம் வரவில்லை, கை அவ்வளவு குளிர்ந்திருந்தது, பிசைந்தாள், இன்னொரு விரல், வந்தது. நாற்பத்தாறு. அஜிதாவுக்குக் காதுக்குள் ஒரு இரைச்சல், விமானத்தின் இரைச்சலுக்கு மேலே இன்னொன்று. பொடி கலக்கின தண்ணீர் எங்கே, இதோ, "குடி மக்களே, குடி, குடி, துப்பாத, எனக்க பொன்னுல்லா, குடி." பிள்ளையின் பல் பாட்டில் விளிம்பில் தடதடவென்று அடித்தது. பாதி கழுத்தில் வழிந்தது. வழிந்ததை அஜிதா கையால் வழித்து வாய்க்குள் விட்டாள். ஜூஸ் பெட்டியைப் பிய்த்தாள். ஆரஞ்சு டப்பா பைக்குள் மேலாக இருந்தது, அதை எடுத்து மடியில் வைத்தாள், அதைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தாள். கர்த்தாவே, வாந்தி வரக்கூடாது. வேறொன்றும் கேட்கவில்லை. நல்ல படிப்பு கேட்கவில்லை, கனடா கேட்கவில்லை, நோய் தீர வேண்டும் என்றுகூட இப்போதெல்லாம் கேட்பதில்லை, ஆரம்பத்தில் உபவாசம் இருந்து கேட்டதுதான், பதில் வராத கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருந்தால் கேட்கிற வாய்தான் கசக்கும். வாந்தி வரக்கூடாது. அவ்வளவுதான்.

வரவில்லை. கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றது. மறுபடி குத்தினபோது எழுபத்தொன்று. பிறகு தொண்ணூறு. ஷெரினின் உதட்டுக்கு நிறம் திரும்பி வந்தது. அஜிதா பிள்ளையின் நெற்றியைத் துப்பட்டாவால் துடைத்தாள், கழுத்தைத் துடைத்தாள், காதுக்குப் பின்னால் துடைத்தாள், துடைப்பதை நிறுத்த முடியவில்லை. "எப்பம் வந்துச்சு மக்களே, நடுக்கம்?" "கொஞ்சம் நேரம் ஆச்சு." "பொறவு ஏன் சொல்லல்ல?" "நீ ஒறங்கினியே." "ஒறங்கினா என்ன? எழுப்ப வேண்டாமா? அம்மா எத்தன மட்டம் சொல்லியிருக்கேன், ஒரு மாதிரி வந்தா ஒடனே எழுப்பணும்னு." குரல் தானாக உயர்ந்துவிட்டது. பக்கத்து இருக்கைக்காரன் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். ஷெரின் குனிந்து ஜூஸ் பெட்டியின் குழாயைக் கடித்துக்கொண்டிருந்தாள். "நீ ஒறங்கி நான் பாத்ததே இல்லம்மா. அதான் பாத்துட்டு இருந்தேன்." பிள்ளையே தொடர்ந்தாள், சமாதானம் சொல்கிற பெரிய மனுஷி மாதிரி. "ரொம்ப ஆனா எழுப்பியிருப்பேன். மனசுக்குள்ள எண்ணிட்டுதான் இருந்தேன். நூறு வரைக்கும் ஒறங்கட்டும், பொறவு எழுப்பலாம்னு. பொறவு இன்னொரு நூறு." "எத்தன நூறு எண்ணின?" "தெரியல்ல. நடுவுல மறந்து மறந்து போச்சு." மறந்து போகத்தான் செய்யும். சர்க்கரை இறங்க இறங்க முதலில் போவது எண்ணுகிற புத்திதான். அறுபத்தேழுக்குப் பிறகு என்ன வரும் என்று தேடிக்கொண்டு, மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்து, அந்தப் பிள்ளை இந்த வெளிச்சத்தில் தனியாக உட்கார்ந்திருந்திருக்கிறது, அம்மா தூங்கட்டும் என்று.

பெல்ட் விளக்கு எப்போது அணைந்தது என்று தெரியவில்லை. உணவு வண்டி வந்து நின்றது. அதே பணிப்பெண், ரொம்ப வருத்தத்தோடு, மன்னிக்க வேண்டும், காற்று சரியில்லை, பிள்ளை இப்போது நலமா என்று கேட்டாள். "நலம்" என்றாள் அஜிதா. கோழியா, காய்கறியா? கோழி. மூடியைத் திறந்ததும் ஆவி வந்தது, சோறு, ஒரு சின்னக் கிண்ணத்தில் மஞ்சளாய் ஒரு இனிப்பு. சாப்பாட்டுக்கு இன்சுலின் வேண்டும். உள்ளே இருக்கிற பழையது இன்னும் தீரவில்லை. போடாவிட்டால் ஏறும், போட்டால் இறங்கலாம், இது ராத்திரிச் சாப்பாடா மத்தியானச் சாப்பாடா, இறங்கப் போகிற ஊரின் மத்தியானம், விட்டுவந்த ஊரின் ராத்திரி, பிள்ளையின் உடம்புக்குள் இப்போது எந்த ஊர்? ஒன்று போட்டாள். சரியா என்று தெரியாது. சரியா என்று தெரியாமலேதான் போட வேண்டும், நாளைக்கும், அடுத்த நாளும், பிள்ளை வளர்ந்து தானே போட்டுக்கொள்கிற நாளிலும். டென்சிங் வாசலில் நிற்பான், பூங்கொத்துகூட வாங்கி வந்திருப்பான், எப்படி இருந்தது பயணம் என்பான், எவ்வளவு இருக்கு சுகர் என்பான். நாற்பத்தாறு என்று சொன்னால் அந்த முகம் திரும்பும். சொல்லாவிட்டாலும் ஒன்றும் இல்லை. இத்தனை வருஷமும் அவள் நினைத்துக்கொண்டிருந்தது இதுதான்: நோய் பிள்ளைக்கு, அதை மாற்ற முடியாது, ஆனால் பயம் எனக்கு, பயத்தையாவது நான் முழுக்க வைத்துக்கொள்கிறேன், பிள்ளை பக்கம் ஒரு துளி சிந்தாமல். அதற்காகத்தான் சிரித்துக்கொண்டே குத்தியது, பாட்டுப் பாடிக்கொண்டே ஊசி போட்டது. ஆனால் பயம் சிந்திக்கொண்டேதான் இருந்திருக்கிறது. தான் டார்ச்சைக் கவ்விக்கொண்டு குனிந்த ராத்திரிகளில் எத்தனையில் அந்தக் கண் உண்மையாகவே மூடியிருந்தது என்று இப்போது யாரிடம் கேட்பது?

ஷெரின் பாதி சாப்பிட்டாள். இனிப்பை முழுசாகத் தின்றாள். பிறகு தலையை அஜிதாவின் தோளில் சாய்த்து, "நீயும் ஒறங்கும்மா, இனி ஒண்ணும் வராது" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டாள். விமானம் மெதுவாக இறங்கத் தொடங்கியது, காது அடைத்தது, கீழே ஏதோ ஏரி வெயிலில் தகடு போல் மின்னியது. அஜிதா அசையாமல் இருந்தாள். கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணின் ஓரத்தால் பார்த்தாள். பிள்ளையின் இமைகள் ஒட்டவில்லை. மயிரிழை போல ஒரு திறப்பு, அதற்குள்ளிருந்து அது அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது, அம்மா தூங்கிவிட்டாளா என்று. அஜிதா கண்களை இறுக மூடிக்கொண்டாள். மூச்சை நிதானமாக, நீளமாக இழுத்து விட்டாள், தூங்குகிறவர்கள் விடுவார்களே, அப்படி. வாயைக்கூடக் கொஞ்சம் திறந்து வைத்தாள். தோளில் இருந்த சின்னத் தலை அதைக் கேட்டுக்கொண்டு, ஒரு பெருமூச்சு விட்டு, தன் மூச்சையும் அதேபோல நீளமாக்கிக்கொண்டது.